எழுப்பாமல் விட்ட காமன்

கஜேந்திரனைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அவனிடமே போய்ச் சொன்னேன். இறப்பர் மரத்தடியில் குந்தியிருந்து பால் சிரட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எழுதுங்க மிஸ்ஸி. ஆனா காமன்னு எழுதாதீங்க. எம் பேரப் போட்டு எழுதுங்க."

"பேர மாத்திப் போடலாம்னு நெனச்சேன். ஒனக்கும் அதுதானே நல்லது?"

"மாத்துனா நான் மறுபடியும் கதையில வர்ற ஆளாயிடுவேன். கதையில வர்ற ஆளுக்குக் குத்தம் ஒட்டாதுங்க. அது எனக்கு வேணாம்."

பன்னிரண்டு வருடமாக இதற்கு நேர் எதிராகப் பேசிக்கொண்டிருந்தவன் இவன். அந்தப் பன்னிரண்டு வருடத்தைத்தான் எழுத வேண்டும். வேறு யாராவது எழுதினால் கண்ணீரும் கம்பலையுமாக எழுதிவிடுவார்கள் என்ற பயத்தில் நான் எழுதுகிறேன்.

என் பெயர் விஜயகலா. ரம்புக்கனைக்கு மேலே இருக்கிற இந்த இறப்பர் தோட்டத்தின் மருத்துவிச்சி. மேல்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில், பிறந்து, படித்து, அதே தோட்டத்து டிஸ்பென்சரிக்கே வேலைக்கு வந்தவள். பிள்ளை பிறந்ததா, மூச்சு இருக்கிறதா, அழுகிறதா என்று பார்ப்பது என் தொழில். ஆகவே, இரண்டு காலில் நடந்து திரிகிற ஒருவனைச் செத்தவன் என்று ஒரு தோட்டமே சொல்லிக்கொண்டிருந்தால் எனக்குக் கோபம் வரும். அவனே அதை ஒத்துக்கொண்டால் இன்னும் வரும்.

கஜேந்திரன் கீழ்க்கணக்கில் பால் வெட்டுகிறவன். தொண்ணூற்றேழில் அவனுக்கு இருபத்து நாலு வயது. உயரமாக இருப்பான், குரல் நன்றாக இருக்கும், சிங்களம் தமிழைவிடச் சரளமாக வரும். அந்த வருடம் மாசி மாதக் காமன் கூத்துக்கு அவனைத்தான் காமனாகக் காப்புக் கட்டினார்கள். ரதிக்கு சதீஸ். கூத்தில் ரதியும் ஆம்பிளைதான். சதீஸ் மூக்காயியின் ஒரே மகன், மெலிந்த பையன், சேலை கட்டினால் சொந்தத் தாயே ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போய், ஒன்றாகப் படிப்பை நிறுத்தி, ஒன்றாகப் பால் வெட்டப் பேர் பதிந்தவர்கள்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவத்தில் இருக்கும் சிவன்மேல் காமன் அம்பு விடுகிறான், சிவன் கண்ணைத் திறந்து எரிக்கிறார், ரதி அழுது மன்றாடி மூன்றாம் நாள் அவனை உயிரோடு வாங்குகிறாள். எங்கள் தோட்டத்தில் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எரிந்த இரவிலிருந்து உயிரெழுப்பும் வரை காமனாக ஆடியவன் பிணம். அவனைப் பிள்ளை மடுவத்தில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் கொட்டகையில், வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்துவார்கள். வாசலில் சோறு வைப்பார்கள். யாரும் பார்க்காதபோது எழுந்து தின்னலாம், ஒதுங்கிவிட்டு வரலாம். பேசக் கூடாது. அவனிடமும் யாரும் பேசக் கூடாது. ரதி மட்டும் வீடு வீடாகப் போய் அழுது, உயிரெழுப்பும் பூசைக்கு அரிசி வாங்கி வருவாள். ரதி வந்து "எந்திரி" என்று அழுது கேட்டால்தான் காமன் எழும்பலாம். வேறு யார் கூப்பிட்டும் எழும்பக் கூடாது.

சிவனின் கண்ணுக்கு எங்கள் தோட்டத்தில் வாணம் விடுவார்கள். மேட்டிலிருந்து, காமனாக நட்ட கம்பம் வரை கயிறு கட்டி, கயிற்றில் வாணத்தைக் கோத்து, திரியைக் கொளுத்தினால் சீறிக்கொண்டு ஓடிவந்து கம்பத்தை எரிக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தொண்ணூற்றேழு எப்படிப்பட்ட வருடம்? கொழும்பில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. ரம்புக்கனை ஸ்டேஷனில் தமிழ்ப் பெயரைச் சொன்னாலே பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள். அந்த வருடம் வாணம் வேண்டாம், பந்தம் போதும் என்று இரண்டொருவர் சொல்லியிருக்கிறார்கள். கூத்து வாத்தியார் இராமசாமி கேட்கவில்லை. சிவன் கண்ணைத் திறக்காமல் காமன் எப்படி எரிவான் என்று கேட்டாராம். உலகத்தில் வேறு எந்தப் புத்திசாலியும் அந்த வருடம் ரயில் பாதைக்கு மேலே இருந்துகொண்டு வெடிமருந்து கட்டியிருக்க மாட்டான். எங்கள் ஆட்கள் கட்டினார்கள், சாமி காரியம் என்று.

மருந்தைக் கல்லுடைக்கிற இடத்தில் சொல்லி வாங்கி வந்தவன் கஜேந்திரன். வாணம் கட்டியதுபோகக் கொஞ்சம் மிஞ்சியது. லயத்து வீட்டில் வைத்தால் சோதனையில் மாட்டும். "எஞ் சேலையில ஓரத்தக் கிழிச்சுக்க மச்சான்" என்று சதீஸ் சொல்ல, ரதிச் சேலையின் மஞ்சள் முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்து, மருந்தை அதில் பொதிந்து, ரயில் பாதையின் மதகுக்குக் கீழே கொண்டுபோய்ச் சொருகினான் கஜேந்திரன். கூத்து முடிந்ததும் எடுத்து ஆற்றில் கரைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். அன்றிரவு காமன் எரிந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளை மடுவத்தில் கிடத்தினார்கள்.

மறுநாள் காலையில் பாதையைப் பார்த்துக்கொண்டு போன ஆட்கள் அந்தப் பொதியைக் கண்டார்கள். பொலிஸ் வந்தது. கீழ்க்கணக்கு லயத்து வாசலில் எல்லோரையும் நிற்க வைத்தார்கள். பொலிஸ் பெரியவர் ஒருவர் மஞ்சள் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, இது யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார். அதே நேரம் அரிசிப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிழிந்த மஞ்சள் முந்தானையோடு, முகமெல்லாம் அழுத கோலத்தில் சதீஸ் லயத்துக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தான்.

நான் அப்போது மேல்கணக்கில் ஒரு பிரசவத்தில் இருந்தேன். நடந்ததை அங்கே நின்ற எல்லோர் வாயாலும் கேட்டிருக்கிறேன், ஒருவர்கூட மாற்றிச் சொன்னதில்லை. இராமசாமி கும்பிட்டுக்கொண்டு, "நாடகயக் மஹத்தயா, நாடகயக்" என்று, இது நாடகம்தான் ஐயா என்று, கெஞ்சினார். சரி, நாடகமே இருக்கட்டும், பொதியை வைத்தது யார் என்று பெரியவர் கேட்டார். இராமசாமிக்குத் தெரியும். சொல்லவில்லை. அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்காவது தெரியும். சதீஸ், "நான் வைக்கல" என்று மட்டும் சொன்னான். யார் வைத்தது என்று அவன் சொல்லவில்லை. ஓர் அறை விழுந்தது. அப்போதும் சொல்லவில்லை.

பிள்ளை மடுவத்துக்குள்ளே எட்டிப் பார்த்த பொலிஸ்காரர் ஒருவர் வெள்ளைத் துணியைக் கண்டு பதறிக் கூப்பிட்டார். எல்லோரும் அங்கே போனார்கள். பெரியவர் துணியை விலக்கினார். சாம்பல் பூசிய முகம், மூடிய கண். செத்தவனா என்று கேட்டார். கூட்டத்திலிருந்து யாரோ, "ஒவ் மஹத்தயா, மெரிலா" என்றார்கள். ஆமாம் ஐயா, செத்துவிட்டான். பெரியவர் குனிந்து பார்த்தார். நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்டு சிரித்துவிட்டார். நாடகத்துப் பிணத்தை நாடகக்காரர்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று துணியைப் போட்டுவிட்டு வெளியே வந்தார். சதீஸைச் சேலையோடு ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறுவதற்கு முன் அவன் மடுவத்து வாசலில் விழுந்து ரதி மாதிரியே அழுதான் என்றும், இழுத்துக்கொண்டு போனார்கள் என்றும் சொல்வார்கள்.

கஜேந்திரன் எழும்பவில்லை.

சதீஸ் திரும்பி வரவில்லை. முதலில் விசாரிக்கிறோம் என்றார்கள். பிறகு வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். அந்த வேறு இடத்தில் போய்க் கேட்டால், அவனை எப்போதோ விட்டாயிற்று என்றார்கள். மூக்காயி போகாத காம்ப் இல்லை, விழாத கால் இல்லை. நானும் இரண்டு மூன்று தடவை கூடப் போயிருக்கிறேன். வாசலிலேயே நிற்க வைத்து அனுப்பினார்கள்.

ரதி இல்லாமல் உயிரெழுப்ப முடியாது. மூன்றாம் நாள் பொழுது சாய்ந்த பிறகு கஜேந்திரன் தானாக எழுந்து, துணியை மடித்து வைத்துவிட்டு, லயத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். அடுத்த நாள் பிரட்டுக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வந்து பேர் கொடுத்து, பால் வெட்டப் போனான். அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "காமன் எப்பிடிப் பேசும்? அது செத்துல்ல கெடந்துச்சு" என்றார்கள். "ரதி எப்பிடிச் சொல்லும்? புருசனக் காட்டிக் குடுக்குமா?" என்றார்கள். எவ்வளவு வசதியான நியாயம்! காமன் செத்துக் கிடந்தான் என்றால் கஜேந்திரன்மேல் பழி இல்லை. கூத்து நடந்துகொண்டிருந்தது என்றால் வாயை மூடிக்கொண்டு நின்ற மற்றவர்கள்மேலும் பழி இல்லை. அவனுக்குப் போட்ட வெள்ளைத் துணியின் கீழே தோட்டமே படுத்துக்கொண்டது.

அவன் அப்படியேதான் இருந்தான். காலையில் எழும்புவான், பால் வெட்டுவான், சேர்ப்பான், நிறுத்துக் கொடுப்பான், தின்பான், படுப்பான். தகப்பன் செத்தபோது கொள்ளி வைத்துவிட்டு வந்து, மிச்ச மரங்களில் பால் வெட்டப் போனான். அவனைக் கல்நெஞ்சன் என்று யாரும் சொல்லவில்லை. எரிந்த காமனுக்கு ஏது தகப்பன்? ஒருமுறை மழையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்து என்னிடம் வந்தான். எலும்பு விலகி நின்றது.

"வலிக்குதா?" என்றேன்.

"தெரியலீங்க மிஸ்ஸி."

"தெரியலீங்களா? ஒன் கைதானே இது?"

அவன் கையைப் பார்த்தான். மட்டை வைத்துக் கட்டும்போது நான் வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தினேன். முகம் சுளிக்கவில்லை.

கித்துல்கலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொடுக்க வந்தார்கள். நல்ல பெண், பெயர் ஷாமிளா. எரிஞ்சவனுக்கு எதுக்குக் கல்யாணம் என்றான். வந்தவர்கள் பயந்துபோய்த் தேத்தண்ணீரைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் நேரே அவன் பால் வெட்டும் இடத்துக்குப் போனேன்.

"நீ காமனும் இல்ல, கீமனும் இல்ல. காமன்னு ஒரு ஆளே கெடையாது. யாரோ பாட்டுக் கட்டுனாங்க, நீங்க ஆடுனீங்க. அவ்வளவுதான்."

"தெரியுங்க" என்றான்.

"என்ன தெரியும்?"

"காமன்னு ஒரு ஆள் இல்ல, பாட்டுலதான் இருக்குன்னு தெரியுங்க. நான் பாட்டுக்குள்ளாற இருக்கேன்னும் தெரியும். வெளிய எங்கே வாசல் இருக்குன்னும் தெரியும்."

"பிறகு வந்து தொலைய வேண்டியதுதானே?"

அவன் கத்தியைத் துடைத்தான். "பாட்டுல எனக்கு அந்த எடத்துல வசனம் இல்லீங்க மிஸ்ஸி. எரிஞ்சதுக்குப் பொறகு காமனுக்கு வசனமே கெடையாது. வசனம் இல்லாத எடத்துல பேசாம கெடந்தவன யாரு குத்தம் சொல்லுவா? நான் வெளிய வந்தேன்னா அந்த எடத்துல கெடந்தது கஜேந்திரன். அவன் பேசியிருக்கலாம்."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. இவனுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. இவன் கணக்காகத்தான் இருக்கிறான். காமனாக இருந்தால் குற்றம் இல்லை, ஆனால் உயிரும் இல்லை. கஜேந்திரனாக வந்தால் உயிர் உண்டு, கூடவே அதுவும் உண்டு. அவன் உயிரை வேண்டாம் என்று வைத்துவிட்டான். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததில் கோபமும் கூடியது. திரும்பி வந்துவிட்டேன்.

சமாதானம் என்று சொன்ன காலத்தில், இரண்டாயிரத்து மூன்று மாசியில், கூத்தை மறுபடி எடுத்தார்கள். வாணம் இல்லாமல்தான். அதில் ஒரு மாலை கட்சிப் பாட்டு வைத்தார்கள். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி பாடும், காமன் எரியவே இல்லை என்று எதிர்க்கட்சி பாடும். எரிந்த கட்சிக்கு எங்கள் இராமசாமி. எரியாத கட்சிக்கு வரக்காப்பொலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவருக்கு எங்கள் தோட்டத்துக் கதை ஒன்றும் தெரியாது. கோவில் முன்னால் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். கஜேந்திரன் ஓரமாகக் குந்தியிருந்தான்.

இராமசாமி பாடினார். காமன் எரிந்து சாம்பலானான், சாம்பலுக்குக் காது இல்லை, கண் இல்லை, கேள்வி இல்லை என்றார். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். எல்லோரும் கஜேந்திரனைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள், உனக்குத்தான் பாடுகிறார் என்பது போல.

எதிர்க்கட்சிக்காரர் எழுந்தார். எரிந்தது உடம்புதானே ஐயா, என்று கேட்டார். காமன் ஊர்க் கண்ணுக்குத்தான் மறைந்தான், ரதி கண்ணுக்கு மறையவில்லை. ரதி அழுத அழுகையெல்லாம் அவன் காதில் விழுந்தது. சாம்பல் என்று நீங்கள் அள்ளிய இடத்தில் அவன் கேட்டுக்கொண்டுதான் கிடந்தான் என்று, உடுக்கைத் தட்டித் தட்டி, அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டு போனார்.

ஒருவரும் கை தட்டவில்லை. மனுசன் தன் பாட்டு எடுபடவில்லை என்று நினைத்து இன்னும் உரக்கப் பாடினார். கஜேந்திரன் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, லயத்துப் பக்கம் நடந்தான். இராமசாமி பின்னால் ஓடினார்.

"தம்பி, இந்த வாட்டி ரதியா ஆடுறவன் ஒன்னையும் சேத்து எழுப்பட்டும். தோசம் கழிஞ்சிடும்."

"எனக்கு ரதி அவன்தாங்க வாத்தியாரே. அவன் வந்து கேக்கணும்."

"அவன் எங்கப்பா வரப்போறான்?"

"அப்பக் கெடக்கட்டுங்க" என்றான்.

மூக்காயி அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அந்த நாளில் அவள் கஜேந்திரனை வெறுக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். "எம் மவன் ரதியாச்சே, அது புருசனக் காட்டிக் குடுக்கல" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பெருமையாகச் சொல்லுவாள். தோட்டம் அவளுக்குக் கொடுத்த ஆறுதல் அது. அதை அவள் மருந்து மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் யுத்தம் முடிந்தது. ரம்புக்கனைச் சந்தியில் வெடி கொளுத்தினார்கள், போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கிரிபத், பால்சோறு, கொடுத்தார்கள். நானும் ஒரு துண்டு வாங்கித் தின்றேன். தின்னாமல் எப்படி நடந்து வருவது? இனிப் பிடித்து வைத்திருக்கிற ஆட்களையெல்லாம் விடுவார்கள் என்று யாரோ மூக்காயியிடம் சொல்லிவிட்டார்கள். அவள் தினமும் ஸ்டேஷனில் போய் நின்றாள். கொழும்பிலிருந்து வரும் ரயில் நிற்கும், ஆட்கள் இறங்குவார்கள், அவள் எல்லோர் முகத்தையும் பார்ப்பாள். பிறகு ஒருநாள் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. காய்ச்சலோ என்று பார்க்கப் போனேன். அடுப்புக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"புள்ள, எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள். "அவன் செத்துட்டான்னே வச்சிக்குவோம். நான் யாருக்கு அழணும்?"

"என்ன அத்தே கேக்குறீங்க?"

"ரதிக்கு அழணுமா, சதீசுக்கு அழணுமா?"

அவள் அடுப்பை விட்டு எழுந்தாள். நாளைக்குப் பால் நிறுக்கிற இடத்துக்கு என்னோடு வருகிறாயா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன்.

மறுநாள் முன்பகல். பால் வெட்டியவர்கள் எல்லாம் வாளிகளோடு கொட்டகை முன்னால் வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை நிறுத்து எழுதிக்கொண்டிருந்தார். மூக்காயி பேர் வெட்டி, வேலையிலிருந்து நின்று, வீட்டில் இருக்கிறவள், அங்கே வர வேண்டிய தேவை இல்லை. நேரே போய்க் கஜேந்திரன் முன்னால் நின்றாள்.

"கஜேந்திரா, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க அத்தே."

"அன்னிக்கு அடி விழுந்தப்பவும் எம் மவன் ஒன்னையக் காட்டிக் குடுக்கல. அது யாரு? ரதியா, எம் மவனா?"

இராமசாமி வரிசையிலிருந்து விலகி வந்து, "எதுக்கு மூக்காயி அந்தப் பேச்செல்லாம் இப்ப? ரதி புருசனக் காட்டிக் குடுக்குமா?" என்றார்.

"நீ பேசாத வாத்தியாரே. பன்னெண்டு வருசமா ஒம் பாட்டத்தான் கேட்டேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. கஜேந்திரனையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எல்லாம் ரதி செஞ்சதுங்கிறாங்க. நானும் அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அப்பறம் யோசிச்சுப் பாத்தேன். எல்லாம் ரதி செஞ்சதுன்னா எம் மவன் என்ன செஞ்சான்? ஒண்ணுமே செய்யலியா? அடி வாங்குனது அவன். போனது அவன். பேரு மட்டும் பாட்டுல உள்ளவளுக்கா? நீ காமனா இருக்கிற வரைக்கும் அவன் ரதியாத்தான் இருக்கான். நான் பெத்தது ரதிய இல்ல. எம் புள்ளய எனக்குக் குடுத்துடு."

கணக்கப்பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டார். கஜேந்திரன் வாளியைக் கீழே வைத்தான்.

"அது சதீஸ்தான் அத்தே" என்றான்.

"எப்பிடித் தெரியும்?"

அவன் அதைச் சொல்வதற்கு நெடுநேரம் எடுத்தான். நான் எத்தனையோ பிரசவம் பார்த்தவள், இந்த மாதிரி ஒரு முகத்தைப் பிரசவத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"பொதிய வச்சது நான். பொலிஸ் வந்தது, கேட்டது, அறைஞ்சது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு. முழிச்சிக்கிட்டுத்தான் கெடந்தேன். நான் எந்திரிக்கத்தான் பாத்தேன். கைய ஊனுனேன். அப்ப அவன் வாசல்ல விழுந்து அழுதான்ல, எல்லாரும் ரதி அழுகுதுன்னு நெனச்சீங்கல்ல. ரதின்னா அந்த எடத்துல எந்திரி எந்திரின்னுதான் அழணும். அவன் அப்பிடி அழுகல அத்தே. அந்த ராகத்துலயே, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி, எந்திரிக்காத மச்சான்னான். எந்திரிச்சா ரெண்டு பேரும் போயிருவோம், அம்மாவப் பாத்துக்கன்னான். அது பாட்டுல இல்லீங்க. எந்தப் பாட்டுலயும் இல்ல. அது அவனாச் சொன்னது."

இராமசாமி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் கைய எடுத்துட்டேன்" என்றான் கஜேந்திரன். "அவன் சொன்னதுக்காக எடுத்தேனா, பயத்துல எடுத்தேனான்னு கேட்டா, பயத்துலதான் எடுத்தேன். அவன் சொன்னது எனக்கு வசதியாப் போச்சு. ஒங்களையும் நான் பாத்துக்கல. அத வெளிய சொன்னா நான் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன்னு ஆயிரும். அதனால சொல்லல."

மூக்காயி அழவில்லை. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடம்பு கட்டை மாதிரி இருந்தது.

"அம்மாவப் பாத்துக்கன்னானா?"

"ஆமாங்க."

"எம் மவன் கடைசியாப் பேசுனத, எனக்குன்னு பேசுனத, பன்னெண்டு வருசமா நீ வச்சிக்கிட்டு இருந்திருக்க."

அவன் தலையை ஆட்டினான். மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கே பிடித்திருக்காது. மூக்காயி அங்கே கிடந்த ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். இங்கே வா என்று கையைக் காட்டினாள். அவன் போய் அவள் முன்னால் குந்தினான்.

"இன்னொரு வாட்டி சொல்லு. அவன் சொன்ன மாதிரியே சொல்லு. அவன் கொரல்ல."

கஜேந்திரன் வாயைத் திறந்தான். ஆடிப் பழகியவன், பாடிப் பழகியவன், எந்தக் குரலையும் பிடிக்கிறவன் என்று பெயர் எடுத்தவன். வாயைத் திறந்தபடியே இருந்துவிட்டு மூடினான்.

"அவன் கொரல் வரமாட்டேங்குது அத்தே. எங் கொரல்தான் வருது."

மூக்காயி அவன் பக்கமாகக் குனிந்தாள்.

"சரி" என்றாள். "ஒங் கொரல்லயே சொல்லு."

அவன் சொன்னான்.